‘தி இப்க்ரெஸ் ஃபைல்’ (1965): பாதி பிரேமை மறைத்து எடுத்த அந்த ஷாட்கள் எப்படி?

மொட்டைமாடி கேட்டது:

வணக்கம். சிட்னி ஜே. ஃப்யூரி இயக்கி மைக்கேல் கெயின் நடித்த ‘தி இப்க்ரெஸ் ஃபைல்’ என்ற பிரிட்டிஷ் உளவுப் படத்தை நன்றாகத் தெரிந்தவர்களிடம் சில சந்தேகங்கள். கதை வேண்டாம், பிரேம் பற்றித்தான் கேள்வி.

இந்தப் படத்தில் எதையுமே நேராகக் காட்டுவதில்லை. ஒரு லாம்ப் ஷேடு பாதித் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது, மிச்சமிருக்கும் சந்தில் ஒரு முகம். இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் தோள், கதவுக் கண்ணாடி, டெலிபோன் பூத். ஒரு குறும்படத்துக்கு இந்த ரகத்தில் நாலு ஷாட் தேவை. கேமரா ஏபிஎஸ்-சி சென்சார், லென்ஸ் 50 மிமீ எஃப் 1.8. ஷேடு 60 செமீ தூரத்தில், ஆள் 3 மீட்டரில். முகம் நன்றாக வருகிறது. ஷேடு மட்டும் ஷேடாகத் தெரியாமல் புகைப் படலமாகிவிடுகிறது.

கேள்விகள்:

1) எந்த லென்ஸ், எந்த அபர்ச்சர் (லென்ஸ் ஓட்டையின் அளவு, எஃப் எண்)?

2) சாய்ந்த கோணம் அந்தப் படத்தில் பொருந்துகிறது, நாம் வைத்தால் ஸ்டாண்ட் சரிந்த மாதிரி இருக்கிறது. ஏன்?

3) கையில் இருக்கும் டிவிடி 105 நிமிடம். எல்லா இடத்திலும் 109 என்று போட்டிருக்கிறார்கள். வெட்டிய பிரதியா?

4) தீம் இசையில் வரும் கம்பி வாத்தியம் சந்தூரா?

---

நாலுதுளை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன், அதுவே நீளம்.

இந்தப் படம் டெக்னிஸ்கோப்பில் எடுத்தது. ரோமில் இருந்த டெக்னிகலர் இத்தாலியா 1960 வாக்கில் உருவாக்கிய முறை. வழக்கமான 35 மிமீ கேமராவில் ஒரு பிரேமுக்கு ஃபிலிம், ஓரத்தில் இருக்கும் துளைக் கணக்கில், நாலு துளை இறங்கும், இதில் இரண்டே துளை. அதனால் நெகட்டிவில் பிரேம் சுமார் 22 மிமீ அகலம், 9.5 மிமீ உயரம். அதாவது பிறப்பிலேயே அகலத்திரை, 2.35:1. அகலத்தைச் சுருக்கிப் பதிக்கும் அனாமார்ஃபிக் லென்ஸ் வேண்டாம், சாதாரண ஸ்ஃபெரிகல் லென்ஸ் போதும். பிறகு லேபில்தான் உயரவாக்கில் இரண்டு மடங்கு இழுத்து, தியேட்டரில் ஓடும் அனாமார்ஃபிக் பிரிண்ட் போடுவார்கள். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் வெஸ்டர்ன்களும் (கௌபாய் படங்கள்) இதே முறைதான். கண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கும் அந்த குளோசப்புக்குப் பின்னால் இந்த வசதியும் இருக்கிறது.

ஃபிலிம் செலவும் பாதி. 400 அடி ரோல் நாலு துளையில் நாலரை நிமிடம்கூட வராது, இரண்டு துளையில் ஏறக்குறைய 9 நிமிடம் ஓடும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சினிமாஸ்கோப் வகையறாவில் 50 மிமீ அனாமார்ஃபிக் காட்டும் அகலத்தை டெக்னிஸ்கோப்பில் 25 மிமீ காட்டிவிடும். லென்ஸ் பாதியானால் ஹைபர்ஃபோகல் தூரம் (அங்கே ஃபோகஸ் வைத்தால் அதில் பாதித் தூரத்திலிருந்து அடிவானம் வரை கூர்மை) நாலில் ஒரு பங்கு. அதாவது டெப்த் (கூர்மையாகத் தெரியும் ஆழம்) நாலு மடங்கு. 25 மிமீ, எஃப் 5.6 என்றால் ஹைபர்ஃபோகல் சுமார் 5.6 மீட்டர். அங்கே ஃபோகஸை நிறுத்தினால் 2.8 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் கூர்மை.

இப்போது உங்கள் ஷேடு. ஃபோகஸ் 3 மீட்டரில், ஷேடு 60 செமீயில். இரண்டு லென்ஸுக்கும் கணக்குப் போட்டால்:

50 மிமீ எஃப் 1.8, ஏபிஎஸ்-சி: ஷேடின் விளிம்பு மங்கும் அளவு திரை அகலத்தில் சுமார் 8 சதவீதம்.

25 மிமீ எஃப் 5.6, டெக்னிஸ்கோப் அளவு: 0.7 சதவீதம்.

பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். 8 சதவீதம் மங்கினால் எந்தப் பொருளும் புகைதான். 0.7 என்றால் விளிம்பு லேசாகக் கரையும், ஆனால் “இது லாம்ப் ஷேடு” என்று கண் உடனே சொல்லிவிடும். படத்தின் தந்திரமே அதில் இருக்கிறது. மறைக்கும் பொருள் என்ன என்று தெரிந்தால்தான் நாம் எங்கேயோ ஒளிந்து நின்று பார்க்கிறோம் என்ற உணர்வு வரும். வெறும் மங்கலாக இருந்தால் அழகுப் படம், அவ்வளவுதான்.

உங்கள் கேமராவில் 27 அல்லது 28 மிமீ போட்டு எஃப் 6.3 வையுங்கள். அதைவிடப் பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சார் என்றால் 40 மிமீ, எஃப் 9. இரண்டும் ஏறக்குறைய ஒரே படத்தைத் தரும்.

ஷேடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போடலாம். இந்த லென்ஸில் 3 மீட்டரில் தெரியும் அகலம் சுமார் 2.6 மீட்டர், 60 செமீயில் 53 செமீ. 35 செமீ ஷேடு வைத்தால் திரையில் மூன்றில் இரண்டு பங்கை அடைக்கும். சந்தின் அளவுதான் எல்லாரும் தவறவிடுவது. 60 செமீயில் 4 செமீ சந்து விட்டால் 3 மீட்டரில் அது 20 செமீ. ஒரு முகம் மட்டும் போகும். ஆள் பேசும்போது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 15 செமீ அசைவார் என்றால் 10 செமீ சந்து வேண்டும். தரையில் டேப் ஒட்டுங்கள். சுழல் நாற்காலி கொடுக்காதீர்கள், நாலு கால் நாற்காலி கொடுங்கள்.

---

முட்டைபோக்கே எழுதியது:

நாலுதுளை அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். டெப்த் நாலு மடங்கு என்பது பழைய பாடப்புத்தகக் கணக்கு. ஹைபர்ஃபோகல் சூத்திரத்தில் இரண்டுக்கும் ஒரே மங்கல் வரம்பை (எவ்வளவு மங்கல் வரை கூர்மை என்று ஏற்பது) போட்டால் நாலு வரும். ஆனால் டெக்னிஸ்கோப் நெகட்டிவை உயரவாக்கில் இரண்டு மடங்கு பெரிதாக்குகிறோம். அதோடு அனாமார்ஃபிக் லென்ஸ் கிடைவாக்கில் ஏற்கெனவே 25 மிமீ மாதிரிதான் நடந்துகொள்ளும். ஒரே கட்டம், ஒரே எஃப் எண் என்றால் கிடைவாக்கில் மங்கல் இரண்டிலும் சமம். உயரவாக்கில் மட்டும் அனாமார்ஃபிக்கில் இரண்டு மடங்கு. அனாமார்ஃபிக் படங்களில் பின்னணி விளக்குகள் முட்டை வடிவில் தெரிவது இதனால்தான். ஆகவே லாபம் இரண்டு மடங்கு, அதுவும் ஒரு திசையில்.

அப்படியானால் இந்தப் படத்துக்கு டெக்னிஸ்கோப் ஏன் அவ்வளவு உதவியது? என் கணக்கில் பெரிய காரணம் கிட்டத்து ஃபோகஸ். அந்தக் கால அனாமார்ஃபிக் லென்ஸை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கன்னம் உப்பி பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி ஆகிவிடும். ஹாலிவுட்டிலும் அந்த நோயின் பெயரைச் சொல்லித்தான் கிண்டல் செய்தார்கள். ஸ்ஃபெரிகல் லென்ஸில் அந்தத் தொல்லை இல்லை. கேமராவும் சிறியதாக இருக்கலாம். விளக்குக்குக் கீழே, கதவிடுக்கில், காருக்குள் என்று திணிக்க முடியும். ஃப்யூரி கேமராவை வைத்த இடங்களைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு ஆள் நுழைய முடியாத மூலைகள்.

நஷ்டமும் உண்டு. கிரெயின் (ஃபிலிமில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள்) கூடும். இரண்டு பிரேம்களுக்கு நடுவே இடம் மிகக் குறைவு, அதனால் கேட்டில் (கேமராவுக்குள் ஃபிலிம் நிற்கும் ஜன்னல்) ஒட்டிய முடியோ தூசியோ நேராகப் படத்துக்குள் தலைநீட்டும். நெகட்டிவ் ஒட்டும் இடத்தில் கோடு தெரியும். டெக்னிகலரின் டை டிரான்ஸ்ஃபர் (சாயத்தை ஃபிலிமில் ஒற்றி எடுக்கும்) முறையில் பிரிண்ட் போட்டவரை இதெல்லாம் சமாளிக்கும்படி இருந்தது. 1970-களில் அந்த முறை மூடப்பட்டதும் டெக்னிஸ்கோப்பும் மெல்ல ஒழிந்தது.

கேமராமேன் பெயர் இன்னும் யாரும் சொல்லவில்லை: ஆட்டோ ஹெல்லர், பிராகில் பிறந்தவர். ‘தி லேடிகில்லர்ஸ்’, ‘பீப்பிங் டாம்’ இரண்டும் அவர் வேலை. இந்தப் படத்துக்கு வண்ண ஒளிப்பதிவுக்கான பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட விருது) வாங்கினார்.

---

மொட்டைமாடி எழுதியது:

ரொம்ப நன்றி. எஃப் 6.3 வைத்தால் வெளிச்சம் பற்றாது போலிருக்கிறதே? அறை விளக்கில் படம் இருட்டாகிவிடும். கைபேசியில் எடுத்தால் எப்படி வரும்?

---

நாலுதுளை எழுதியது:

முட்டைபோக்கே சொன்ன திருத்தம் சரி. ‘நாலு மடங்கை’ விட்டுவிடுங்கள். மங்கல் சதவீதக் கணக்கு தனி, அது அப்படியே நிற்கும்.

வெளிச்சம்: அந்தக் காலத்து ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவ் 5251-இன் வேகம் (ஒளியுணர்வு, இன்றைய ஐஎஸ்ஓ மாதிரி) டங்ஸ்டன் பல்பு ஒளியில் 50. எஃப் 5.6-க்கு விநாடிக்கு 24 பிரேமில் சுமார் 800 ஃபுட் கேண்டில், கிட்டத்தட்ட 8,600 லக்ஸ் வேண்டும். நடிகர்கள் வியர்த்து வழியும் வெளிச்சம். உங்களுக்கு ஐஎஸ்ஓ 800 போதும், அதே எஃப் 5.6-க்கு 540 லக்ஸ். எஃப் 6.3-க்கு 680 பக்கம். கைபேசியில் லக்ஸ் மீட்டர் செயலி இறக்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிகத் துல்லியமாக இருக்காது, ஆனால் இந்த வேலைக்கு ஆகும். சாதாரண வீட்டு ஹாலில் 100 முதல் 200 வரை காட்டும். மிச்சத்தை ஒரு எல்இடி பேனல் முகத்துக்கு மட்டும் கொடுக்கட்டும்.

முகத்துக்கு மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முன்னால் நிற்கும் பொருளில் வெளிச்சம் விழுந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். முகத்தைவிட இரண்டு ஸ்டாப் குறைவாக (கால் பங்கு வெளிச்சம்) இருக்கட்டும், அல்லது முழு நிழலுருவாக விடுங்கள். எரிகிற விளக்கையே ஷேடோடு வைப்பதென்றால் 5 வாட் பல்புக்கு மேல் வேண்டாம். அதற்கும் உள்ளே ஒரு சுற்று பட்டர் பேப்பர், பல்பைத் தொடாமல்.

கைபேசி? சிரிக்காதீர்கள், இந்த ஷாட்டுக்கு உங்கள் கேமராவைவிட அது மேல். சென்சார் சின்னது, லென்ஸ் ஓட்டை மூன்று சொச்சம் மிமீ. அதே ஷேடு, அதே தூரத்தில் 0.3 சதவீதம் அளவுக்குத்தான் மங்கும். மெயின் லென்ஸில் 1.7 மடங்கு ஜூம் வைத்தால் கோணமும் இந்தக் கணக்குக்கு வந்துவிடும், மங்கல் அரை சதவீதம். கவனிக்க வேண்டியவை:

போர்ட்ரெய்ட், சினிமேட்டிக் மோடு எதுவும் வேண்டாம். அவை இல்லாத மங்கலை வரைந்து சேர்க்கும், ஷேடின் விளிம்பைக் கடித்துத் துப்பிவிடும்.

ஃபோகஸை முகத்தில் தொட்டுப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் பெரிதாகத் தெரிகிற ஷேடுக்குத்தான் அது ஓடும். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) பூட்டுங்கள். பாதித் திரை கறுப்பாக இருப்பதால் ஆட்டோ முகத்தை வெள்ளையடித்துவிடும்.

லென்ஸ் தானாக மாறுவதை அணையுங்கள். வெளிச்சம் குறைந்தால் சில கைபேசிகள் ஷாட் நடுவே வேறு லென்ஸுக்குத் தாவும், சந்து இடம் மாறிவிடும்.

4கே எடுத்து 2.35-க்கு வெட்டுவதென்றால் 3840-க்கு 1634. மேலே 263, கீழே 263 பிக்சல் போகும். இதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், எடுக்கும்போதே திரையில் கறுப்பு டேப் ஒட்டிப் பாருங்கள். இந்தப் படத்தின் கட்டங்கள் அகலத்துக்கென்று யோசித்தவை.

---

கோணல்மணி எழுதியது:

சாய்வு பற்றி.

ஃப்யூரி சாய்த்த ஷாட்களில் பெரும்பாலும் மூன்று விஷயம் ஒன்றாக வரும்: கேமரா தாழ்வாக இருக்கும், மேல்தளம் தெரியும், முன்னால் ஏதோ ஒன்று மறைக்கும். சாய்வு தனியாக வருவது குறைவு. நீங்கள் கண்மட்டத்தில், வெறும் சுவருக்கு முன்னால், ஆளை நடுவில் நிறுத்திச் சாய்த்திருப்பீர்கள். அங்கே சாய்வுக்குக் காரணமே கிடைக்காது, ஸ்டாண்ட் சரிந்ததாகத்தான் மனம் எடுத்துக்கொள்ளும்.

10 முதல் 15 டிகிரி போதும். 4, 5 டிகிரி என்றால் கவனக்குறைவு மாதிரி தெரியும். 25-ஐத் தாண்டினால் பேய்ப்படம். பிரேமில் ஒரு நேர்க்கோடு கட்டாயம் வேண்டும்: கதவு நிலை, ஜன்னல் கம்பி, அலமாரி. அந்தக் கோடு பிரேமின் ஒரு மூலையை நோக்கிப் போகும்படி வையுங்கள். இருவர் பேசும் காட்சியில் ஒருவரை இடப்பக்கம் சாய்த்தால் எதிராளியை வலப்பக்கம் சாய்க்கலாம், அதிகாரம் யார் கையில் என்ற சண்டை அதிலேயே தெரியும். இரண்டையும் ஒரே பக்கம் சாய்த்தால் அறையே கப்பல் மாதிரி ஆகும்.

மேல்தளம் தெரிந்தால் மேலிருந்து விளக்குப் போட முடியாது என்பதை மறக்காதீர்கள். வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்தோ மேசை விளக்கிலிருந்தோதான் வர வேண்டும். இந்தப் படத்து அலுவலகங்களில் அந்த மேசை விளக்குகள் அலங்காரத்துக்கு மட்டும் இல்லை.

கலை இயக்கம் கென் ஆடம். ‘டாக்டர் நோ’, ‘கோல்ட்ஃபிங்கர்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படங்களின் செட்களைப் போட்ட அதே மனிதர். தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மன், எடிட்டர் பீட்டர் ஹன்ட், இசை ஜான் பேரி, எல்லாரும் பாண்ட் கூட்டம். அங்கே தங்கக் கிடங்கைக் கட்டியவர் இங்கே தூசி படிந்த மாடி அறை, ஃபைல் கட்டு, மங்கிய பழுப்புச் சுவர் என்று இறங்கி வந்து, அதற்கும் பாஃப்டா வாங்கிப் போனார். பாண்டுக்கு மாற்று எடுக்கிறேன் என்று வேறு யாரோ கிளம்பவில்லை, பாண்ட் வீட்டுக்காரர்களே செய்தார்கள். எனக்கு இந்தப் படத்தில் பிடித்த முரண் இது.

நாயகன் பெயரைப் பாருங்கள். லென் டெய்ட்டன் எழுதிய 1962 நாவலில் கதைசொல்லிக்குப் பெயரே கிடையாது. படத்துக்காகத்தான் ஹாரி பாமர் என்று வைத்தார்கள், சுவாரசியமே இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்று தேடி வைத்தது. தமிழில் எழுதினால் பாமரன் என்றே காதில் விழுகிறது, பொருத்தம்தான். மேலதிகாரிகள் இரண்டு பேரும் மேட்டுக்குடிப் பேச்சு, இவன் லண்டன் தெருப் பேச்சு. ஃபாரம் நிரப்புவதும் சம்பள உயர்வைப் பற்றிப் பேசுவதும்தான் பாதிப் படம். கேமரா ஏன் எப்போதும் ஒதுங்கி நிற்கிறது என்று யோசித்தால், அந்த அறைகளில் பாமர் நிற்கிற இடமும் அதேதான்.

டெலிபோன் பூத் ஷாட்டைத் தனியாகப் பாருங்கள். ராயல் ஆல்பர்ட் ஹால் படிக்கட்டில் சண்டை. வேறு எந்தப் படமாக இருந்தாலும் கேமரா முஷ்டிக்குப் பக்கத்தில் போயிருக்கும். இங்கே சிவப்பு பூத்துக்குள் நின்றுகொண்டு, கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே, தூரத்தில் இரண்டு பொம்மைகள் அடித்துக்கொள்வதைக் காட்டுகிறார்கள். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வரும். யார் அடி வாங்குகிறார் என்றுகூட உடனே பிடிபடாது. ஆனால் லண்டன் நடுவில் பட்டப்பகலில் ஒரு உளவாளி அடி வாங்கினால் நம் கண்ணுக்கு அது இப்படித்தான் தெரியும்.

இதைச் செய்துபார்க்க பூத் தேவையில்லை. மரச்சட்டம் போட்ட ஜன்னல் போதும். சட்டத்திலிருந்து கேமரா 40 முதல் 50 செமீ, ஆட்கள் 15 மீட்டருக்கு அப்பால், எஃப் 8. கண்ணாடியில் உங்கள் பிம்பம் விழாமல் இருக்க உள்ளே விளக்கை அணைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டுங்கள். கண்ணாடியை முழுதாகத் துடைத்துவிடவும் கூடாது. லேசான தூசி இருந்தால்தான் கண்ணாடி இருப்பதே தெரியும்.

---

ஒத்தைத்தந்தி எழுதியது:

3, 4 இரண்டுக்கும் சேர்த்துப் பதில், ஏனென்றால் இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பு.

டிவிடி வெட்டுப்பட்டதாக இருக்காது. ஐரோப்பிய டிவிக்கான பால் (PAL) முறை டிவிடியில் விநாடிக்கு 24 பிரேம் படத்தை 25 பிரேமாக ஓட்டுவார்கள். 109-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 104.6 நிமிடம். உங்கள் 105 அதுதான். காட்சி எதுவும் போகவில்லை, ஆனால் சுருதி 4 சதவீதம் ஏறும், ஒரு அரைச்சுரத்தில் (செமிடோன்) முக்கால் பங்கு மாதிரி. சரி செய்யாத டிவிடி என்றால் கெயினின் குரலும் ஒரு சுற்று மெலிந்து கேட்கும். இசையை நோட் எடுப்பதென்றால் அந்தப் பிரதியை வைத்து எடுக்காதீர்கள். ப்ளூரேயில் 24 பிரேமாகவே வரும்.

வாத்தியம் சந்தூர் இல்லை, சிம்பலம். ஹங்கேரி வாத்தியம், இந்தப் படத்தில் வாசித்தவர் ஜான் லீச். இரண்டும் ஒரே குடும்பம்தான், கம்பிகளைக் குச்சியால் தட்டுவது. வித்தியாசம் காலில் இருக்கிறது. 1870-களில் புடாபெஸ்டில் ஷுண்டா என்பவர் உருவாக்கிய மேடைச் சிம்பலத்துக்கு பியானோ மாதிரி டேம்பர் பெடல் உண்டு. மிதித்தால் ரீங்காரம் நீளும், விட்டால் அறுந்துவிடும். குச்சி முனையில் பஞ்சு சுற்றியிருக்கும். சந்தூரில் மெல்லிய மரக்குச்சி, பெடல் கிடையாது, ஒவ்வொரு சுரமும் அடுத்ததன் மேல் ஏறி மிதக்கும். அதனால் சந்தூர் சாம்பிளை (கணினியில் வாசிக்கப் பதிந்த ஒலி) வைத்து இந்தத் தீமைப் போட்டால் காஷ்மீர் பள்ளத்தாக்கு வந்துவிடும், லண்டன் மழை வராது. சிம்பலம் சாம்பிள் கிடைக்காவிட்டால் சந்தூர் சாம்பிளில் ரிலீஸை (விட்டபின் ஒலி அடங்கும் நேரம்) 300, 400 மில்லி செகண்டுக்குக் குறைத்து, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் இறக்குங்கள். முழுதாக ஏமாற்ற முடியாது, பக்கத்தில் வரும்.

பேரி எங்கே வாசிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அதே ஆள் ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்துக்கு பித்தளை ஊது வாத்தியங்களை அலறவிட்டவர். இங்கே தனிச் சிம்பலம், தாழ்ந்த புல்லாங்குழல், நிறைய வெற்றிடம்.

தொலைக்காட்சிப் பிரதி வேறு படம் மாதிரி இருப்பதாகச் சிலர் சொல்வதும் சரிதான். பழைய 4:3 பிரதியில் அகலத்தில் 43 சதவீதம் போய்விடும். மற்ற படத்தில் அது வெற்றுச் சுவராக இருக்கலாம். இந்தப் படத்தில் போவது மறைக்கிற பொருள், இல்லாவிட்டால் மறைந்த முகம், இரண்டில் ஒன்று. 16:9-க்கு நிரப்பிய பிரதியிலும் 24 சதவீதம் நஷ்டம். டிவியில் ‘ஜூம்’ போட்டிருந்தால் எடுங்கள். மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணையுங்கள், ஷார்ப்னஸைக் கடைசி வரை இறக்குங்கள். இரண்டு துளை நெகட்டிவின் கிரெயின் இயல்பாகவே தடிமன். டிவி அதைத் தூசி என்று நினைத்துத் துடைத்தால் முகங்கள் மெழுகாகிவிடும்.

---

அடுப்படி எழுதியது:

பிரேம் பேசுகிற இடத்தில் சாப்பாட்டைக் கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். ஆனால் இந்தப் படத்தில் சமையலும் கேமரா வேலைதான்.

டைட்டில் காட்சி: அலாரம் அடிக்கிறது, அறை முழுக்க மங்கல், பாமர் கண்ணாடியை எடுத்துப் போட்டதும் கூர்மை வருகிறது. ஃபோகஸ் என்பதே இவன் மூக்கில் இருக்கிறது என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அடுத்து காபிக்கொட்டையை அரைத்து, அழுத்துகிற கம்பி வைத்த பிரெஞ்ச் பிரஸ்ஸில் போட்டு, நிதானமாக ஒரு காபி. செய்துபார்ப்பவர்களுக்கு: 350 மிலி தண்ணீருக்கு 21 கிராம், ரவை பதத்துக்குச் சற்று மேலே கொரகொரப்பாக, கொதி அடங்கி அரை நிமிடம் ஆன தண்ணீர், 4 நிமிடம். நம் ஃபில்டர் பொடியைப் போட்டால் வலை அடைத்துக்கொள்ளும். பலம் கொடுத்து அழுத்தினால் சூடான டிக்காஷன் மேலே பீறிட்டுக் கையைச் சுட்டுவிடும்.

ஆம்லெட் காட்சியில் ஒரு கையால் முட்டை உடைக்கும் குளோசப் வருகிறது. அந்தக் கை கெயினுடையது இல்லை, நாவலாசிரியர் டெய்ட்டனுடையது. கெயினுக்கு அந்த வித்தை வரவில்லை. டெய்ட்டன் ‘தி அப்சர்வர்’ பத்திரிகையில் படக்கதை வடிவில் சமையல் குறிப்பு வரைந்துகொண்டிருந்தவர். பாமர் சமையலறைச் சுவரில் ஒட்டியிருப்பதும் அந்தக் குறிப்புகள்தான், பாஸ் செய்து பாருங்கள்.

மொட்டைமாடிக்கு இதில் பாடம் உண்டு. கை மாற்று போடும்போது மணிக்கட்டு வரை சட்டைக் கை ஒன்றாக இருக்க வேண்டும், வெளிச்சம் அதே பக்கமிருந்து வர வேண்டும். முந்தைய ஷாட்டில் நடிகர் கையை நகர்த்தத் தொடங்கும்போதே வெட்ட வேண்டும். கை நின்றபிறகு வெட்டினால் பார்ப்பவர் விரலைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவார்.

முட்டை உடைக்க: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு பாதியைப் பிடிக்க, நடுவிரலும் மோதிர விரலும் மறுபாதியை உள்ளங்கையோடு பிடிக்க வேண்டும். சட்டி விளிம்பில் தட்டாமல் சமதளத்தில் ஒரே தட்டு. விளிம்பில் தட்டினால் ஓடு உள்நோக்கி நொறுங்கும். பிறகு இரண்டு பாதியையும் எதிரெதிராக விலக்குங்கள். முதல் ஒரு டஜன் முட்டை பொடிமாஸுக்குத்தான்.

சூப்பர் மார்க்கெட் காட்சியை யாரும் சொல்லவில்லையே. மேலதிகாரி கர்னல் ராஸும் பாமரும் தள்ளுவண்டியோடு உளவு பேசுகிறார்கள். பாமர் எடுத்த காளான் டப்பாவைப் பார்த்து, பிரெஞ்சு லேபிளுக்காகக் காசு அதிகம் கொடுக்கிறாய் என்கிறார் கர்னல். ருசியும் மேல்தான் என்கிறான் இவன். அந்த ஒரு டப்பாவில் இரண்டு பேரின் வர்க்கமும் வெளியே வந்துவிடுகிறது.

---

மொட்டைமாடி எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 28 மிமீ எஃப் 6.3-லேயே எடுக்கிறேன், கைபேசியிலும் ஒரு டேக். கடைசியாக ஒன்று: மூளைச்சலவைப் பெட்டிக் காட்சி. நாலு பக்கமும் ஒளி ஓடும் அந்தக் கூண்டைச் சின்ன அளவில் செய்ய முடியுமா? முடிவைச் சொல்லிவிடாதீர்கள், நண்பர் ஒருவர் இன்னும் பார்க்கவில்லை.

---

கோணல்மணி எழுதியது:

முடியும். முடிவைத் தொடவில்லை.

ஒரு ஆள் நாற்காலியில் உட்காருமளவு, 1.5 மீட்டர் சதுரம், 2 மீட்டர் உயரத்துக்கு பிவிசி குழாய்ச் சட்டம். மூன்று பக்கம் மட்டும் மூடுங்கள், நாலாவது பக்கம் கேமராவுக்கு. மூடுவதற்கு வெள்ளை வேட்டித் துணி வேண்டாம், நெசவு தெரியும், புரொஜெக்டரின் வெளிச்சப் புள்ளியும் ஊடுருவிக் கண்ணைக் குத்தும். கடையில் கிடைக்கும் பால் வெள்ளை பிளாஸ்டிக் ஷவர் கர்ட்டன் நல்லது. சுருக்கம் போக அடியில் இன்னொரு குழாயைக் கட்டித் தொங்கவிட்டு இழுங்கள்.

புரொஜெக்டர் வெளியிலிருந்து திரையின் மேல் அடிக்கட்டும், அதன் மெனுவில் ‘ரியர்’ என்று மாற்றினால் பிம்பம் திரும்பிக்கொள்ளும். ஒரே புரொஜெக்டர் இருந்தால் பின்சுவருக்கு அதைக் கொடுத்து, இரண்டு பக்கத்துக்கும் நிறம் மாறும் எல்இடி விளக்கு. ஷட்டர் 1/50. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 1/60 வைத்தால் பட்டை ஓடும். டிஎல்பி புரொஜெக்டரில் நிறச்சக்கரம் இருப்பதால் 1/50-லும் சில மாடல்களில் நிறப்பட்டை வரலாம், 1/25-க்கு இறங்கிப் பாருங்கள். எல்சிடி வகை கிடைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

நடிகருக்குக் கண் கூசும், அதனால் ஒரு டேக் 40 விநாடிக்கு மேல் வேண்டாம். வலிப்பு நோய் இருப்பவரை மினுங்கும் ஒளிக்குள் உட்காரவைக்கவே கூடாது, முன்னாடியே கேட்டுவிடுங்கள். முக வெளிச்சம் திரையிலிருந்து திரும்பி வருவதே போதும். கூடுதல் விளக்குப் போட்டால் திரை வெளிறிவிடும்.

ஒலியை முதலில் செய்துவிடுங்கள். நடிகர் எதைக் கேட்டுத் துடிக்கிறார் என்று தெரியாமல் துடித்தால் அது தனியாகத் தெரியும். படத்தில் அந்தக் கூண்டு வேலை செய்வதற்குப் பாதிக் காரணம், கூடவே ஓடும் அந்த மின்னணு இரைச்சல்தான்.

---

நாலுதுளை எழுதியது:

ஷவர் கர்ட்டனைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் வெயிலில் தொங்கவிடுங்கள். மடிப்புக் கோடு போகும், அந்தப் பிளாஸ்டிக் நாற்றமும் போகும்.